குரலை வைத்து ஆளைப் பிடிப்பது: ‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ இசைத்தட்டைக் கேட்கும் முறை

என்னிடம் இருக்கும் ‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ என்ற நியூயார்க் பிராட்வே இசை நாடகத்தின் சிடி செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பெட்டியில் கீறல், உள்ளே இருக்க வேண்டிய சிறு புத்தகம் காணோம். பாட்டுகளின் பெயர் மட்டும் தெரியும். யார் யாராக வந்து பாடுகிறார்கள் என்பது தெரியாது. முதல் தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே போட்டேன். ஜாஸ் பிரமாதமாக இருக்கிறது, யாரோ யாரையோ குத்திக் காட்டுகிறார்கள், நடுவில் இருவர் டென்னிஸைப் பற்றி ஏதோ விஷமமாகப் பேசுகிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. பாதியில் நிறுத்தி அலமாரியில் போட்டுவிட்டேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது.

கோளாறு தட்டில் இல்லை, நான் கேட்ட விதத்தில். இன்று நான் அதிகம் தடவை கேட்டிருக்கும் நாடகப் பதிவு இதுதான். எட்டு மாதம் நான் வீணடித்தது போல நீங்களும் வீணடிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பறியும் கதையில் முன்கூட்டியே கதை சொன்னால் சுவை போய்விடும் என்பார்கள். இந்தத் தட்டுக்கு அது பொருந்தாது. நாடகத்தில் லாரி கெல்பார்ட் எழுதிய வசனம்தான் கதையை நகர்த்துகிறது. தட்டில் வருவதோ பெரும்பாலும் பாட்டு. கதை தெரியாமல் கேட்டால், திரைப்படத்தைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தை மட்டும் படித்த மாதிரி ஆகும்.

காலம் 1940களின் கடைசி. இடம் ஹாலிவுட். ஸ்டைன் என்ற நாவலாசிரியர் தன்னுடைய துப்பறியும் நாவலைத் திரைக்கதையாக மாற்ற வந்திருக்கிறார். தயாரிப்பாளரும் இயக்குநருமான பட்டி ஃபிட்லர் அதை வெட்டி, ஒட்டி, மாற்றி எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இது ஒரு உலகம். ஸ்டைன் தட்டச்சு செய்யச் செய்ய, அவருடைய நாயகன் ஸ்டோன் மேடையில் உயிரோடு நடமாடுகிறான். லாஸ் ஏஞ்சலஸில் தனியார் துப்பறிவாளன், முன்னாள் போலீஸ்காரன். அலாரா கிங்ஸ்லி என்ற பணக்காரப் பெண் வந்து, தன் கணவரின் முதல் தாரத்து மகள் மாலரியைக் காணவில்லை, கண்டுபிடித்துக் கொடு என்கிறாள். இது இரண்டாவது உலகம். எழுத்தாளன் ஸ்டைன், துப்பறிவாளன் ஸ்டோன். ஒரு எழுத்து வித்தியாசத்தில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான்.

மேடையில் இந்த இரண்டு உலகத்தையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. நிஜ ஹாலிவுட் காட்சிகள் வண்ணத்தில் இருக்கும். சினிமாக் காட்சிகளில் செட், உடை எல்லாமே கறுப்பு, வெள்ளை, சாம்பல். ராபின் வாக்னரின் அரங்கமைப்புக்கு 1990இல், பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருது கிடைத்தது. அந்த ஆண்டு சிறந்த இசை நாடகம், சிறந்த கதை வசனம், சிறந்த இசை என்று மொத்தம் ஆறு டோனி. ஸ்டைன் ஒரு காட்சியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினால், மேடையில் இருக்கும் சினிமாப் பாத்திரங்கள் படச்சுருள் பின்னோக்கி ஓடுவது போல வந்த வழியே திரும்பிப் போவார்கள்.

தட்டில் இது எதுவும் இல்லை. வண்ணமும் இல்லை, கறுப்பு வெள்ளையும் இல்லை. நான் தடுமாறியது இங்கேதான். ஒரு உலகத்துக்கு ஜாஸ், இன்னொன்றுக்கு வேறு பாணி என்று இசையில் பிரித்திருப்பார்கள் என நினைத்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஜாஸ்தான். அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? குரலை வைத்துத்தான்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் நிஜம், வலது பக்கம் சினிமா. ஒரே நடிகர் இரண்டு பக்கமும் வருவார் என்பதுதான் இந்த நாடகத்தின் சூட்சுமம். ராண்டி கிராஃப் நிஜத்தில் பட்டியின் செயலாளர் டோனா. சினிமாவில் ஸ்டோனின் செயலாளர் ஊலி. கே மெக்லெலாண்ட் நிஜத்தில் ஸ்டைனின் மனைவி கேபி. சினிமாவில் ஸ்டோன் பறிகொடுத்த காதலி பாபி. டீ ஹோட்டி இந்தப் பக்கம் பட்டியின் மனைவி கார்லா, அந்தப் பக்கம் அலாரா. ரேச்சல் யார்க் இங்கே வளரத் துடிக்கும் நடிகை அவ்ரில், அங்கே காணாமல்போன மாலரி. பட்டியாக வரும் ரெனே ஓபர்ஜோன்வாதான் சினிமாவுக்குள் வரும் ஸ்டூடியோ முதலாளியும். ஸ்டைனாக கிரெக் எடெல்மன், ஸ்டோனாக ஜேம்ஸ் நாட்டன். முக்கியமானவர்களில் இந்த இருவருக்கு மட்டும்தான் இரட்டை வேடம் கிடையாது. தேவையும் இல்லை, ஒருவருக்கு இரட்டை இன்னொருவர்தானே.

இந்தப் பட்டியலை எழுதி முடித்து ஒரு நிமிடம் பாருங்கள். எழுத்தாளன் தன்னைச் சுற்றி இருக்கிறவர்களைத்தான் கதையில் போட்டிருக்கிறான். வாழ்க்கையில் தான் ஏமாற்றிக்கொண்டிருக்கும் மனைவியைக் கதையில் கைநழுவிய காதலியாக எழுதுகிறான். யாரோடு சேர்ந்து ஏமாற்றுகிறானோ அவளைக் கதையில் விசுவாசமான செயலாளராக ஆக்குகிறான். அவன் வாயால் ஒப்புக்கொள்ளாததை நடிகையின் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அரங்கில் உட்கார்ந்தவர் உடையையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். தட்டு கேட்கிற நமக்குக் குரல் மட்டும்தான் தடயம். இந்த ஒரு விஷயத்தில் நமக்கே கொஞ்சம் லாபம் என்பேன்.

சரி, இப்போது கேட்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வேண்டாம். அதில் பாஸ் என்ற கனத்த கீழ் ஒலி கேட்காது, பாஸ் கேட்காவிட்டால் இந்த இசையின் நடையே போய்விடும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். வரிசையை மாற்றிக் கலைத்துப் போடும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் கேட்டு, முதல் பகுதி முடிவில் வர வேண்டிய சண்டையை இரண்டாவதாகக் கேட்டுத் தொலைத்தேன்.

முதல் சுற்றில் நால்வரை மட்டும் பின்தொடருங்கள். தொடக்க இசையிலேயே வந்துவிடுவார்கள்: இரண்டு ஆண், இரண்டு பெண். நாடகத்தில் ஏஞ்சல் சிட்டி ஃபோர் என்று பெயர். வார்த்தையே இல்லாமல் ‘டூ’, ‘பா’ என்று அசையை மட்டும் வைத்துப் பாடுவார்கள். ஜாஸில் இதற்கு ஸ்காட் என்று பெயர். நம் மெட்டுக்காரர்களின் தத்தகாரத்துக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். ஆனால் தத்தகாரம் வார்த்தை வந்து உட்காரக் காத்திருக்கும், ஸ்காட் எதற்கும் காத்திருக்காது. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வாசிக்க வேண்டியதைத் தொண்டையில் வாசிக்கிறார்கள். நான்கு சுரங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக நிற்கும். அதனால் முதலில் ஒரே குரலாகத்தான் காதில் விழும். பிரித்துக் கேட்க ஒரு வழி இருக்கிறது: மேலே இருக்கும் பெண் குரலோடு சேர்ந்து முனகிப் பாருங்கள், அது சுலபம், மெட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்த முறை அடியில் இருக்கும் ஆண் குரலைப் பிடியுங்கள். நடுவில் இருக்கும் இரண்டையும் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒன்றை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

இந்தக் குரல் அமைப்பை இசையமைப்பாளர் சை கோல்மனும் யாரோன் கெர்ஷோவ்ஸ்கியும் சேர்ந்து செய்தார்கள். கெர்ஷோவ்ஸ்கி, தி மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற நால்வர் குழுவின் இசை இயக்குநராக இருந்தவர். நெருக்கமான குரலிசைதான் அந்தக் குழுவின் தொழில். நால்வர் வருகிற இடமெல்லாம் நம் தாளின் எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டாம். அவர்கள் நடுக்கோட்டில் நிற்கிறார்கள். பழைய துப்பறியும் படங்களில் நாயகனின் குரல் பின்னணியில் கதை சொல்லுமே, அந்த வேலையில் பாதியை இவர்கள் வார்த்தை இல்லாமலே செய்கிறார்கள். ‘எவ்ரிபடீஸ் காட்டா பி சம்வேர்’ பாட்டில் ஸ்டோன் மாலரியைத் தேடி ஊரெல்லாம் அலைகிறான். அந்த அலைச்சல் முழுக்க இவர்கள் குரலில்தான்.

இரண்டாவது சுற்றில் பாடகர்களை மறந்துவிட்டு வாத்தியங்களுக்குக் காது கொடுங்கள். சை கோல்மன் நாடகத்துக்காக ஜாஸ் உடையை மாட்டிக்கொண்டவர் அல்ல. சிறுவயதில் மேற்கத்திய செவ்வியல் பியானோவில் மேதை என்று பெயர் வாங்கி, வளர்ந்தபின் கிளப்புகளில் சொந்தமாக ஜாஸ் ட்ரியோ நடத்தியவர். வாத்தியப் பங்கீடு செய்த பில்லி பையர்ஸ் ட்ராம்போன் கலைஞர். கவுண்ட் பேஸி இசைக்குழுவுக்கு எழுதியவர். இவர்கள் இருவருக்கும் ஸ்விங் ஒரு பாணி இல்லை, தாய்மொழி. ஸ்விங் என்றால் என்ன என்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: இரண்டு சுரங்களைச் சமமாக எழுதியிருப்பார்கள். வாசிக்கும்போது முதலாவது கொஞ்சம் நீளும், இரண்டாவது கொஞ்சம் தாமதமாக வந்து சட்டென்று அடுத்த அடியில் விழும். லேசாக நொண்டி நடப்பது போல, ஆனால் அந்த நொண்டலில் ஒரு மிடுக்கு. ஸ்டோன் எப்படி நடப்பான் என்பதை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை, பாஸ் வாத்தியம் நடக்கும் நடையைக் கேட்டாலே போதும்.

மூன்றாவது சுற்று பேச்சுக்கு. பாடல் வரிகள் டேவிட் ஸிப்பெல். ‘டபுள் டாக்’ என்று ஒரு பாட்டுக்குப் பெயரே வைத்திருக்கிறார்: மேலே ஒரு பொருள், அடியில் இன்னொரு பொருள். காளமேகத்தைப் படித்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, சிலேடைதான். இதன் உச்சம் ‘தி டென்னிஸ் சாங்’. ஸ்டோனும் அலாராவும் டென்னிஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு சொல்கூட டென்னிஸ் மைதானத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் பேசுவது டென்னிஸே இல்லை. எனக்கு டென்னிஸில் புள்ளி எண்ணக்கூடத் தெரியாது. அதனால் ஆட்டத்தின் கலைச்சொற்கள் ஒரு பத்தைத் தேடித் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டேன். தனியாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று, முகம் சிவந்துவிட்டது. உங்களுக்கும் ஆட்டம் தெரியாது என்றால் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்துவிடுங்கள்.

இனி ராண்டி கிராஃப். இந்தத் தட்டில் எதைக் கேட்காமல் விட்டாலும் ‘யூ கேன் ஆல்வேஸ் கவுண்ட் ஆன் மீ’ பாட்டை விடாதீர்கள். சிறந்த துணை நடிகைக்கான டோனி அவருக்குக் கிடைத்ததில் இந்தப் பாட்டுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எப்போதும் தப்பான ஆணிடம், அதிலும் கல்யாணம் ஆனவனிடம் போய் விழும் ஒரு பெண் தன்னையே கேலி செய்துகொண்டு பாடுகிறாள். ஊலியாகத் தொடங்குகிறார், பாதியில் டோனா ஆகிவிடுகிறார். முதல் சில மாதம் இது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே பெண் ஒரே புலம்பல் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு கேட்டால் இன்னும் வேடிக்கை: ஆள் மாறுகிறது, உலகம் மாறுகிறது, தலையெழுத்து மட்டும் மாறவில்லை. மேடையில் உடை மாறியிருக்கும். தட்டில் எந்த நொடியில் மாறுகிறது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் குரலை நிறுத்தி, ஒவ்வொரு நகைச்சுவையையும் அரை நொடி தாமதமாகப் போடுகிறார். ஸ்விங் பற்றி மேலே சொன்னேனே, பேச்சிலும் அதே தாமதம்.

அவரும் கே மெக்லெலாண்டும் சேர்ந்து பாடும் ‘வாட் யூ டோன்ட் நோ அபவுட் விமன்’ பாட்டை இதற்கு அடுத்தபடியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேபி நிஜத்தில் நின்று ஸ்டைனைத் திட்டுகிறாள்; ஊலி சினிமாவில் நின்று ஸ்டோனைத் திட்டுகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் மெட்டு ஒன்று. உங்கள் தாளில் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு அம்புக்குறி போட வேண்டிய முதல் இடம் இது.

‘வித் எவ்ரி ப்ரெத் ஐ டேக்’ நைட் கிளப்பில் பாபி பாடும் பிரிவுப் பாட்டு. மெதுவாகப் போகும். மெட்டு ஓரிடத்தில் போய் உட்காரும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது உட்காராமல் பக்கத்துப் படிக்கு நகரும். பாடிப் பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று புரியும். நான் பாடிப் பார்த்தேன். வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி கொண்டாட வேண்டியதில்லை. ‘தி பட்டி சிஸ்டம்’ பாட்டில் ரெனே ஓபர்ஜோன்வா நடிப்பால்தான் நிற்கிறார். முகம் தெரியாமல் கேட்டால் மூன்றாம் தடவைக்குள் சலிக்கிறது. வானொலிப் பாடகராக வரும் ஜிம்மி பவர்ஸின் பாட்டுகள் இனிமை, ஆனால் அந்தக் காலத்து இனிப்பை நகல் எடுப்பதோடு நின்றுவிடுகின்றன. போலீஸ் லெப்டினன்ட் முன்யோஸ் பாடும் ‘ஆல் யூ ஹாவ் டு டூ இஸ் வெயிட்’ நேர் எதிர். முன்பு ஸ்டோனோடு வேலை பார்த்தவர், இப்போது அவன் மாட்டிக்கொண்டதில் பரம சந்தோஷம். லத்தீன் தாளத்தில் பழிவாங்கலைப் பண்டிகை போலப் பாடுகிறார். பாத்திரம் கழுவ மிகப் பொருத்தமான பாட்டு.

‘இட் நீட்ஸ் வொர்க்’ பாட்டுக்கு ஒரு குறிப்பு. தன் துரோகத்துக்கு ஸ்டைன் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுவிட்டு, ஒரு கதையைத் திருத்துகிற பத்திரிகை ஆசிரியர் போல கேபி அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்கிறாள். நாடகம் முழுக்க எழுத்தாளனைப் படுத்திய ‘இன்னும் கொஞ்சம் திருத்தணும்’ என்ற பேச்சு இங்கே படுக்கையறைக்குள் வந்துவிடுகிறது. இதைத் தனியாகக் கேட்காதீர்கள், பின்னால் வரும் ‘ஃபன்னி’யோடு சேர்த்துக் கேளுங்கள். அதில் ஸ்டைனுக்குச் சிரிப்பு வருகிறது, நமக்கு வரவில்லை.

கடைசியாக, சண்டைப் பாட்டு. முதல் பகுதியின் முடிவில் ‘யூ ஆர் நத்திங் வித்அவுட் மீ’. எழுதியவனும் எழுதப்பட்டவனும் நேருக்கு நேர் நின்று, நான் இல்லாவிட்டால் நீ ஒன்றுமே இல்லை என்று ஒருவர் மாற்றி ஒருவர் கத்துகிறார்கள். ஜேம்ஸ் நாட்டனின் குரல் கனத்து நிதானமாக வரும்; எடெல்மனின் குரல் மேலே ஏறி, கொஞ்சம் பதறும். சிறந்த நடிகருக்கான டோனியை வாங்கியது கற்பனை மனிதனாக நடித்தவர்தான். எடெல்மனுக்கும் அந்தப் பிரிவில் பரிந்துரை இருந்தது. பாட்டில் நடந்த சண்டை மேடைக்கு வெளியேயும் நடந்து, ஸ்டோனே ஜெயித்துவிட்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இதை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் என் மனைவி எட்டிப் பார்த்து, “மறுபடியும் அந்தச் சண்டைப் பாட்டாங்க?” என்றாள். அவளுக்குக் கதை தெரியாது, நானும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?” என்று கேட்டாள். இரண்டு தாள், மூன்று பேனா நிறம் வைத்து நான் கண்டுபிடித்ததை அவள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

இந்தப் பதிவு பழகியபின் லண்டன் பதிவுக்குப் போங்கள், முன்னால் வேண்டாம். 1993இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் நடந்தது. பாராட்டுகள் வந்தும் ஓராண்டுகூட ஓடவில்லை, பிராட்வேயில் 1989 டிசம்பர் முதல் 1992 ஜனவரி வரை ஓடியதோடு ஒப்பிட்டால் பாவம். அங்கே ஸ்டோன், ரோஜர் ஆலம். அவர் குரல் இன்னும் ஆழம், இன்னும் சோர்வு. நாட்டனின் ஸ்டோன் உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பான், ஆலமின் ஸ்டோன் அதற்குக்கூட அலுத்துப்போனவன். எது சரி என்று நாளுக்கு ஒரு கட்சி மாறுகிறேன். நால்வர் குரலுக்கு மட்டும் நான் எப்போதும் நியூயார்க் பக்கம்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். நான்கைந்து தடவை வரிசையாகக் கேட்ட பிறகு, ஒரு நாள் வரிசையை உடைத்து, சண்டைப் பாட்டையும் கடைசிப் பாட்டான ‘ஐம் நத்திங் வித்அவுட் யூ’வையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அதே மெட்டு. நானும் நீயும் மட்டும் இடம் மாறியிருக்கும். இரண்டு பேரோடு கேபியின் குரலும் சேர்ந்திருக்கும். அங்கே எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நான் அப்படிப் போட்ட அன்று மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் அங்கிருந்தே குரல் வந்தது: “சமாதானம் ஆயிட்டாங்க போல. யாருங்க அந்தப் பொண்ணு?”